உங்களுக்குத் தெரியுமா? – மாரடைப்புக்குப் பின் வீட்டாரின் பங்கு

இதயம் எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை அன்றாட வேலைகளை வைத்தும் கணிக்கலாம். 1989-இல் அமெரிக்க மருத்துவர்கள் உருவாக்கிய 12 கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. தானே குளித்து உடுத்த முடிகிறதா? மாடிப்படி ஏற முடிகிறதா? பாத்திரம் கழுவ முடிகிறதா?

இப்படித் தேறுவதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு என்கிறது அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு: பைபாஸ் செய்துகொண்ட ஆண்களில், மனைவி அடிக்கடி வந்து பார்த்தவர்களுக்கு வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள்.

துணை என்பது கணவனோ மனைவியோ மட்டுமல்ல. டியூக் பல்கலைக்கழக ஆய்வில் (1992), வாழ்க்கைத்துணையும் மனம்விட்டுப் பேச ஆளும் இல்லாத இதய நோயாளிகளில் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு 50 பேர்தான். இரண்டில் ஒன்றாவது இருந்தவர்களில் 82 பேர். தினமும் போன் செய்து விசாரிக்கும் ஒரு நண்பரைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள்.

ஆனால் துணை, மாத்திரைக்கு மாற்று ஆகாது. 2003-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்து மனச்சோர்விலோ தனிமையிலோ இருந்த 2,481 பேரில் ஒரு பகுதியினருக்கு மனநல ஆலோசனை தரப்பட்டது. அவர்களின் மனச்சோர்வும் தனிமையும் குறைந்தன; இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை.

'நீங்க எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துட்டு வரேன்' என்று பயந்து பயந்து பார்த்துக்கொள்வதும் நோயாளியை முடக்கிவிடும். அசையாத தசை தளரும். தளர்ந்தவருக்குச் சின்ன வேலையிலும் மூச்சு வாங்கும். அதைப் பார்த்து வீட்டில் பயம் இன்னும் கூடும். 1985-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆன கணவர்கள் டிரெட்மில்லில் நடந்தார்கள். சில மனைவிகள் அந்தப் பரிசோதனையைப் பார்க்கவில்லை, சிலர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். வேறு சிலரோ, கணவர் எட்டிய உச்ச அளவில் தாங்களும் மூன்று நிமிடம் நடந்தார்கள். 'இவர் இதயம் இவ்வளவு தாங்குகிறதே' என்ற தெம்பு, நடந்து பார்த்தவர்களுக்கே வந்தது. வெறுமனே பார்த்தவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், எந்த வாரம் எந்த வேலை செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நடைக்கு நோயாளியோடு நீங்களும் கிளம்புங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நடையை நிறுத்தி உட்கார வையுங்கள். சரியாகாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.