தைப்பட்டம் மாடியிலும் நடக்கட்டும்!

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் அடைபடுவது மரபு. அணை மூடும் தை மாதத்தில், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, வயல் மண் மெழுகு பதத்தில் இருக்கையில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது தஞ்சை வட்டார வழக்கம். எஞ்சிய ஈரமும் தைப்பனியும் அவற்றை வளர்த்துவிடும். இதே தைப்பட்டம் காய்கறிக்கும் ஏற்றது. இருந்தும், நாட்டுக்கே நெல் தரும் காவிரி டெல்டாக்காரர்களான நாம் குழம்புக்குக் காய் வேண்டுமென்றால் வெளியூர் லாரியை எதிர்பார்க்கிறோம்.

முன்பு கொல்லையில் அவரைப் பந்தல் இருந்தது. கூரை மேல் சுரைக்கொடி படர்ந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் கத்திரிச் செடிக்குப் போனது. இன்று கொல்லை வரைக்கும் வீடு கட்டிவிட்டோம். மிச்சம் இருப்பது மொட்டைமாடிதான். தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கி, பை, தென்னைநார்க் கழிவு, விதை, உயிர் உரம் எல்லாவற்றையும் மானிய விலையில் கொடுத்தது. டெல்டாவிலோ இவற்றில் பெரும்பாலானவை நம்மைச் சுற்றியே கிடக்கின்றன.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வயல் மண்ணை அப்படியே பையில் நிரப்பாதீர்கள். காவிரி வண்டல் களிமண் தன்மை கொண்டது. நனைந்தால் வேருக்குக் காற்று போகாது, காய்ந்தால் இறுகி வெடிக்கும். வல்லம் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கிடைக்கும் தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். நார்க் கழிவை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசி, உப்பை நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும். ரைஸ்மில் உமியைக் கருக்கிக் கலந்தால் பையின் எடை குறையும். மேலே ஒரு பிடி வைக்கோல் பரப்பினால் ஈரம் காக்கும்.

கீரைக்கு அரையடி ஆழமுள்ள தொட்டி போதும். சிறுகீரையை 25 நாளில் பறிக்கலாம். வெண்டையையும் கொத்தவரையையும் நேரடியாக ஊன்றலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்திரி, தக்காளி, மிளகாய்க்கு நாற்று விட்டு, 25 முதல் 30 நாளில் ஓரடி ஆழப் பைக்கு மாற்றுங்கள். புடலை, பாகலுக்குப் பெரிய டிரம்மும் பந்தலும் தேவை. வெண்டையில் மஞ்சள் நரம்பு நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்தால் செடி தெம்பாகும். பைகளைச் செங்கல் மேல் வைத்தால் தளத்தில் தண்ணீர் தேங்காது.

தையில் விதைத்தால் மாசியில் கீரையும் பங்குனியில் வெண்டையும் பறிக்கலாம். கத்திரி வெயில் வருவதற்குள் அவற்றின் பெரும்பகுதி விளைச்சல் வீட்டுக்கு வந்துவிடும். வெயில் ஏறியதும் நிழல்வலை கட்டினால் மிச்சச் செடிகளும் தாங்கும்.

நெல்லுக்கு ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஐந்து பைகளுக்கு ஊற்றும் இரண்டு குடம் தண்ணீர் நம் கையில்தான் இருக்கிறது. இந்தத் தையில் அந்த ஐந்து பைகளோடு தொடங்குங்கள். பூச்சிமருந்து படாத காயைப் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டிலிருந்தே கொடுங்கள்.