சின்ன யானை பாடுவது எப்படி?

செல்லங்களே! சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் பக்கம் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஓடும் குட்டி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். டாடா ஏஸ். நாம் வைத்த செல்லப் பெயர் சின்ன யானை. 2005-இல் சாலைக்கு வந்தது. இரண்டே சிலிண்டர் எஞ்சின்தான்!

பழைய சின்ன யானைகள் பலவற்றில் பாட்டு செட் கிடையாது. ஓட்டுநர் அண்ணன் ஒரு புது செட் வாங்கிவந்து, ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மாட்டித் தரச் சொல்வார். அந்தச் செட்டின் பின்னால் ஒரு கொத்து வயர் தொங்கும்.

"இத்தனை வயர் எதுக்கு மாமா?" என்றுதானே கேட்கிறீர்கள்? சபாஷ்! வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மஞ்சள் வயர். இது பேட்டரியிலிருந்து 12 வோல்ட் மின்சாரத்தை எந்நேரமும் கொண்டுவரும். வண்டியை நிறுத்திய பிறகும் செட்டுக்கு மணியும் எஃப்.எம். நிலையங்களும் மறக்காமல் இருப்பது இதனால்தான்.

அடுத்து சிவப்பு. சாவியைத் திருப்பினால்தான் இதில் மின்சாரம் வரும். "சாவி போட்டாச்சு, விழித்துக்கொள்" என்று செட்டுக்குச் சொல்வது இதன் வேலை. மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? யோசியுங்கள். ஆமாம், சாவியை எடுக்கும்போதெல்லாம் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும்!

இப்போது கறுப்பு வயர். இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கிளம்பும் மின்சாரம் மைனஸ் முனைக்குத் திரும்பியே ஆக வேண்டும். திரும்ப வழி இல்லையென்றால் அது கிளம்பவே கிளம்பாது. வண்டியில் அந்த வழி எது தெரியுமா? வண்டியின் இரும்பு உடம்பேதான்! பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். செட்டின் கறுப்பு வயரையும் பாடியில் ஒரு போல்ட்டில் முடுக்கிவிட்டால் வட்டம் முடிந்தது. இதைத்தான் 'எர்த் கொடுப்பது' என்கிறார்கள்.

புரிந்ததா? சரி, இனி கடற்கரைக்கு வருவோம்.

மாமல்லபுரத்தில் காற்றோடு உப்பும் வருகிறது. சுமார் 1300 ஆண்டுப் பழைய கடற்கரைக் கோயிலின் கல்லையே அது அரிக்கிறது. தொல்லியல் துறையினர் கல்லின் மேல் காகிதக் கூழைப் பூசி உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால் இரும்பைக் கேட்க வேண்டுமா? உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு சீக்கிரம் பிடிக்கும். துருவோ மின்சாரத்தை எளிதில் விடாது.

பள்ளி விடும் மணி அடித்ததும் எல்லோரும் ஓடுகிறீர்கள். கேட்டில் பாதிக் கதவு சாத்தியிருந்தால்? நெரிசல்தான்! துருப்பிடித்த போல்ட்டில் மின்சாரத்துக்கும் அதே பாடு. சத்தத்தைக் கூட்டினால் செட் அணைந்து அணைந்து எரியும். சில சமயம் பாட்டோடு 'ங்ஙீ' என்று ஒரு இரைச்சலும் வரும். எஞ்சின் வேகம் கூடினால் அதுவும் கூடும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. எர்த் சரியில்லாதபோது அது பாட்டுக்குள் புகுந்துவிடும்.

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்ப்பார். இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே வயரை முடுக்குவார். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுவார். அப்புறம் உப்புக் காற்று உள்ளே நுழையாது.

மீதி வயர்கள் ஸ்பீக்கருக்கு. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நான்கு ஜோடி. ஜோடியில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். "அந்த மைனஸையும் பாடியிலேயே கொடுத்துவிடலாமே?" என்று கேட்டால், நீங்கள் கெட்டிக்காரர்தான்! பழைய காலத்து ரேடியோக்கள் பலவற்றில் அப்படித்தான் செய்தார்கள். இன்றைய செட்டில் செய்யக் கூடாது. இது ஸ்பீக்கரின் இரண்டு வயர்களிலும் மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் ஒலி எழுப்புகிறது. அதனால் இரண்டிலும் மின்சாரம் இருக்கும். ஒன்று பாடியில் பட்டாலும் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் கெட்டுப்போகலாம். சின்ன யானையில் இரண்டு ஸ்பீக்கர் போதும் என்றால், மிஞ்சும் வயர்களின் நுனியில் மறக்காமல் டேப் சுற்ற வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரு டார்ச் செல், அதற்கேற்ற குட்டி பல்பு, வயர் துண்டுகள், ஒரு துருப்பிடித்த ஆணி. மின்சாரம் ஆணி வழியாகப் போய்த் திரும்பும்படி இணையுங்கள். பல்பு எரிகிறதா? இப்போது ஆணியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள். இதை டார்ச் செல்லில் மட்டும்தான் செய்ய வேண்டும். வண்டி பேட்டரியிலும் வீட்டு மின்சாரத்திலும் கை வைக்கவே கூடாது, சரியா?

கடைசியாக ஒரு கேள்வி. செட் மாட்டத் தொடங்கும் முன் எலக்ட்ரீஷியன் பேட்டரியின் மைனஸ் வயரைத்தான் முதலில் கழற்றுவார், பிளஸை அல்ல. பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி வண்டியின் பாடியில் பட்டுவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் திரும்பும் வழி எது என்று நினைத்துப் பாருங்கள். விடை உங்கள் கையில்!