தள்ளாடுகிறவர் எல்லாம் குடிகாரரா?

சித்திரை மாதத்து நண்பகல். திருவொற்றியூரில், துறைமுகத்திற்குச் செல்லும் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலை. சுமை இறக்கும் தொழிலாளி ஒருவர் தள்ளாடியபடி வருகிறார். கைகள் நடுங்குகின்றன, பேச்சுக் குழறுகிறது. ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுக்கிறார். நீங்கள் அந்த வழியே போனால் என்ன நினைப்பீர்கள்? "பகலிலேயே போட்டுவிட்டான்" என்றுதானே? ஆனால் அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவராக இருக்கலாம். மனநோய்க்கு ஒழுங்காக மாத்திரை உண்டு வருபவராகவும் இருக்கலாம். அந்த மாத்திரையே அவரை இந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கலாம்!

எப்படி என்று பார்ப்போம்.

அளவு கடந்த உற்சாகமும் அளவு கடந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் ஒன்று உண்டு. இருமுனை மனநோய் என்று அதைச் சொல்கிறார்கள். இதற்கு லித்தியம் உப்பு பயன்படும் என்பதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எடுத்துக் காட்டினார். இன்றும் இது சிறந்த மருந்துகளுள் ஒன்று. ஆனால் இதன் அளவு கத்திமேல் நடப்பது போன்றது. ஒரு லிட்டர் இரத்தநீரில் ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் நன்மை, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும்.

லித்தியமும் சோடியமும் வேதியியல் அட்டவணையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுநீரகத்திற்கு இந்த இரண்டையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. வெயிலில் மூட்டை சுமப்பவரின் உடலிலிருந்து வியர்வையோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. உடனே சிறுநீரகம் சிக்கனம் பிடிக்கிறது. சோடியத்தை வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு லித்தியத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது. மாத்திரையின் எண்ணிக்கை மாறவில்லை. இரத்தத்தில் மருந்து மட்டும் ஏறிவிட்டது.

மாலையில் உடம்பு வலி. மருந்துக் கடையில் ஐபுபுரோபென் அல்லது டைக்ளோபினாக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். இவையும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். (பாராசிட்டமாலில் இந்தத் தொல்லை இல்லை.) இரத்த அழுத்தத்திற்காக ஒரு மருத்துவர், "கருவாட்டை அடியோடு நிறுத்துங்கள்" என்று சொல்லியிருந்தால் கேட்கவே வேண்டாம். கருவாடு காயும் காசிமேட்டில் போய் உப்புக் குறைவைப் பற்றிப் பேசுகிறேனே என்று சிரிக்காதீர்கள். உப்பைத் திடீரென்று குறைத்தால் லித்தியம் ஏறும். திடீரென்று கூட்டினால் இறங்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிப்பவர் யார்? ஆஸ்பத்திரி மேசைக்கு முன்னால் சில நிமிடங்கள் உட்கார்ந்து எழுந்து போகும் நோயாளியிடம் இவ்வளவும் தெரியாது. இங்கேதான் சமுதாய மனநலப் பணியாளர் தேவைப்படுகிறார். மருத்துவர், மனநலச் செவிலியர், உளவியலாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் இந்தப் பணியில் உண்டு.

சென்னையில் மனநோயாளிகளுக்கான இல்லம் 1794-இல் தொடங்கியது. 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. நெடுங்காலம் சிகிச்சை என்றால் அந்த மதில் சுவருக்குள்தான். நோயாளி வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன ஆகிறார் என்ற கேள்வி பிறகுதான் வலுப்பெற்றது. அங்கே பல ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்றபின் 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ப் நிறுவனத்தைத் தொடங்கினார். தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது. அதன்கீழ் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியது. ஆயினும் வேலை மலைபோல் கிடக்கிறது. 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இருமுனை நோய் உள்ள பத்துப் பேரில் ஏழு பேர் சிகிச்சையே பெறவில்லை.

வீட்டுக்குப் போகும் பணியாளர் முதலில் கேட்பது நோயைப் பற்றியாக இருக்காது. "அம்மா, அவருக்கு இப்போது எந்த ஷிப்டு? எப்போது தூங்குகிறார்?" என்று மனைவியிடம் கேட்பார். தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் இது முக்கியமான கேள்வி. தூக்கம் கெட்டால் உற்சாக வெறி தலைதூக்கும் என்பது ஒன்று. இரத்தப் பரிசோதனையும் இதைப் பொறுத்திருக்கிறது. கடைசி மாத்திரை உண்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் லித்தியத்தின் சரியான அளவு தெரியும். இரவு ஷிப்டு முடித்துக் காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு இரத்தம் கொடுப்பவரின் கணக்குத் தப்பாகவே இருக்கும். அளவு அதிகம் என்று மருந்தைக் குறைத்துவிட்டால் நோய் திரும்பும். ஒருவேளை அவருக்கு வேலையும் போகும்.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வருவது தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம். ஆகவே வெயில் நாளில் தண்ணீர் நிறையக் குடிக்கவும், வயிற்றுப்போக்கு வந்தால் தாமதமின்றித் தெரிவிக்கவும் பணியாளர் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார். முதலில் சொன்ன அறிகுறிகள் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. மற்ற சந்தேகங்களுக்கு 2022-இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

ஆனால் தெருவில் விழுந்தவரை அக்கம்பக்கத்தார் எப்படி அறிவார்கள்? அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கப் பணியாளருக்கு உரிமை இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது, காக்கவும் வேண்டும். நோயாளி சம்மதித்தால் ஒரு வழி உண்டு. "நான் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று எழுதிய சிறு சீட்டு, சட்டைப் பையில். வியர்வையில் நனைந்து எழுத்து அழிந்துவிடாமல் பிளாஸ்டிக் உறைக்குள்.