பாதையின் உரிமை

பரவை என்னும் சொல்லுக்குக் கடல் என்று பொருளுண்டு. மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் அமைந்த பரவைப் பேரூரில் இன்று நாம் காண்பதோ வாகனக் கடல்.

முன்னர் இச்சாலை 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாக விளங்கிற்று. நான்குவழிச் சாலை அமைந்தபின், தொலைதூர வண்டிகள் சமயநல்லூரிலேயே பிரிந்து, நகருக்குள் புகாமல் கப்பலூர் செல்ல வழி பிறந்தது. ஆயினும் ஆரப்பாளையத்துப் பேருந்துகளும், காய்கறிச் சந்தைக்கு வரும் லாரிகளும், இருசக்கர வண்டிகளும் பழைய சாலையிலேயே ஓடுகின்றன. அதனையே மாணவரும் முதியோரும் நடந்து கடக்கின்றனர். நெடுஞ்சாலையே ஊர்த்தெருவாகவும் இருப்பதால் இடர் மிகுகின்றது.

அவ்விடரைப் பெருக்குவது வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே வரும் குழந்தையைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி கழிகிறது. வேகம் 30 ஆயின் அந்நொடியில் கடப்பது 8 மீட்டரே. மிதித்த பின்னரும், வேகம் இருமடங்கானால் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவு நான்மடங்காகும். ஆகவே, உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் நின்றுவிடும் இடத்தில், 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் பிரேக்கை மிதித்திருக்கவே மாட்டார். குழந்தையின் உயிர் இக்கணக்கில் அடங்கியுள்ளது.

பாதையில் கிடக்கும் துன்பந்தரும் பொருளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பாதைக்கும் உரிமை உண்டு. பிறர்க்குத் தீங்கு செய்யாமை அவ்வுரிமையுள் ஒன்று என்றும் அறிவுறுத்தினார்கள். கல்லையும் முள்ளையும் அகற்றுவது அறமாயின், உயிர் பறிக்கும் வேகத்தை அடக்குவது பேரறமன்றோ!

அடிபட்டுக் கிடப்பாரைக் கண்டும் வழக்குக்கு அஞ்சி விலகுவோர் உளர். அவ்வச்சம் இனி வேண்டா. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை தந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பாதுகாப்பை மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தது. விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021இல் தொடங்கியது. உடனே 108ஐ அழைப்பதே நம் முதற்கடமை.

மாணவர்களே! தலைக்கவசமின்றி வண்டியில் ஏறாதீர்கள். ஊருக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். பெரியோர்களே! ஜும்ஆ நாளில் கூடும்போது இளைஞர்க்கு இதனை எடுத்துரையுங்கள். சாலையைக் கடக்க நிற்கும் முதியவருக்காக வண்டியை நிறுத்துவதும் பாதையின் உரிமையைப் பேணுவதே. அந்நற்பேற்றை இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!