மொனராகலையிலிருந்து காத்தான்குடி வரை: ஒரு நாள் பயணமும் சில எல்லைகளும்

பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சுற்றுலா எங்கே என்று கேட்டால் எங்கள் பாடசாலையில் வரும் பதில் நுவரெலியா, விட்டால் காலிமுகத்திடல். இந்தத் தடவை நான் பிடிவாதமாகக் கிழக்குக் கரை என்று நின்றேன். மொனராகலையிலிருந்து சியம்பலாண்டுவை, லாஹுகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாகக் காத்தான்குடி. அன்றிரவே வீடு திரும்புவது. "அங்க என்ன சேர் இருக்கு, கடல்தானே?" என்று ஒருவன் கேட்டான். "உங்கட பாட்டன்மார் வந்த வழி இருக்கு" என்றேன். அவனுக்கு அது பெரிய கவர்ச்சியாகப் படவில்லை.

ஒரு நாளில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்காகக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய வழியாக நம் ஊருக்கு வரும் ஏ-4 வீதிதான் பொத்துவிலில் கடலைத் தொட்டு, வடக்கே திரும்பி மட்டக்களப்பில் முடிகிறது. மொனராகலையிலிருந்து பொத்துவில் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். அங்கிருந்து காத்தான்குடி இன்னும் நூறுக்கு மேல். போக வர முந்நூற்றைம்பதைத் தாண்டும். பஸ்ஸுக்குள் மட்டும் ஒன்பது, பத்து மணித்தியாலம். ஆகவே இறங்கி நின்று பார்க்க ஐந்தாறு மணித்தியாலம்தான் மிஞ்சும். இப்படிப்பட்ட பயணத்தில் எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று முதலிலேயே தீர்மானிப்பதுதான் வேலை. நாங்கள் அதைச் செய்யாமல் கரையோர வழிகாட்டி ஒருவரைக் கூலிக்குப் பிடித்து அவர் கையில் விட்டுவிட்டோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். அறுகம்பைக் கடைத்தெருவில் ஒன்றரை மணித்தியாலம் நிறுத்தியவர், காரைதீவில் பஸ்ஸை மெதுவாக்கவும் இல்லை என்பது மட்டும் போதும்.

சுபஹ் தொழுத கையோடு புறப்பட்டோம். மரகலை மலை கறுப்பாக முதுகில் நின்றது. எங்களோடு வந்த மௌலவி, ஊர் எல்லை தாண்டியதுமே ஒரு பாடம் நடத்தினார். ஷாபிஈ மத்ஹபில் பயணி என்று கணிக்கப்பட இரண்டு மர்ஹலா தூரத்தை நாடிப் புறப்பட வேண்டும். இன்றைய அளவில் எண்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். சேரும் இடம் அதற்கப்பால் என்றால், சொந்த ஊரின் எல்லையைக் கடந்ததுமே சலுகை தொடங்கிவிடுகிறது; ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம். அன்று நாங்கள் கடந்த முதல் எல்லை அதுதான். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது.

சியம்பலாண்டுவை வரையான பகுதி பழைய வெல்லஸ்ஸை. வழிகாட்டி உறங்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து ஹாஜி மரிக்காரின் கதையைச் சொன்னேன். 1817 இல் ஆங்கிலேயர் இந்தப் பகுதி முஸ்லிம்களுக்கு அவரை முகாந்திரமாக நியமித்தார்கள். கண்டிப் பிரதானிகளுக்கு அது தங்கள் அதிகாரத்தில் விழுந்த வெட்டு. அவ்வருடமே கிளர்ச்சிக்காரர் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப் போன பதுளை அதிகாரி வில்சனும் அம்பு பட்டு இறந்தார். அதிலிருந்து மூண்டதுதான் 1818 ஆம் ஆண்டு ஊவா - வெல்லஸ்ஸைக் கிளர்ச்சி. வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகள் கெப்பெட்டிபொலவைப் படிக்கிறார்கள். மரிக்காரின் பெயரை மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் கேட்கிறார்கள், அதுவும் குத்தலாக.

"அப்ப நாங்க வெள்ளைக்காரன்ட ஆக்களா சேர்?" என்று பின் ஆசனத்திலிருந்து கேள்வி வந்தது.

இல்லை என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு உட்காரலாம். ஆனால் கேட்டவனுக்கு அது போதாது. இந்த வழியில் உப்பும் கருவாடும் உள்நாட்டுக்கு ஏறின. பாக்கும் தேனும் மற்ற மலைப் பொருள்களும் கரைக்கு இறங்கின. பொதி மாடுகளின் முதுகில் போன அந்தக் கூட்டத்துக்குச் சிங்களத்தில் தவலம என்று பெயர். நம் பெரியவர்கள் வாயில் தவளம். அதை நடத்தியவர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். கண்டி மன்னர்கள் காலத்திலேயே மடிகே என்ற போக்குவரத்துப் பகுதியில் அரச சேவை செய்தவர்கள் இவர்கள். தவளம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வழி. ஆங்கிலேயருக்கு வழி வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மனிதர் வேண்டியிருந்தார். அந்த ஒருவருடைய பதவியை ஒரு சமூகத்தின் தலையில் கட்டுவது வரலாறு ஆகாது. இதைத்தான் சொன்னேன். அவன் தலையாட்டினான்; ஒப்புக்கொண்டானா என்று சொல்ல முடியாது.

லாஹுகலைக் குளத்தில் வெயில் விழும் நேரத்தில் யானைகள் புல் மேய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு அன்றைய நாள் அங்கேயே நிறைந்துவிட்டது. அதற்கு முன்னரே ஊவா முடிந்து கிழக்கு மாகாணம் தொடங்கிவிடுகிறது. ஊவா மாகாணம் 1886 இல் உண்டானது. மொனராகலை தனி மாவட்டமானது 1959 இல், அம்பாறை 1961 இல். வடக்கும் கிழக்கும் இணைந்திருந்து, 2006 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பிரிந்தன. இளமையில் நான் இந்த வழியால் போனபோது மணல் மூட்டை அடுக்கிய சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடக்க வேண்டும். இப்போது ஒரு பலகை மட்டும்.

இதற்கும் பழைய எல்லை ஒன்று கரையோரமாகவே நீளப் போனது. 1766 இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனோடு செய்த உடன்படிக்கையால், தீவைச் சுற்றி ஏறத்தாழ நாலு மைல் அகலமான கரைப் பட்டி அவர்கள் கைக்குப் போனது. அதன்பின் கண்டிக்குக் கடல் இல்லை. பொத்துவில் வயலில் நிற்பவன் ஓர் அரசில், கடற்கரையில் வலை இழுப்பவன் இன்னோர் அரசில். உப்பு ஏற்ற இறங்கிய தவளம் ஒவ்வொரு முறையும் அரசு மாறித்தான் போய் வந்தது.

இது விசித்திரமாகத் தெரிந்தால் ஐரோப்பாவின் ஏட்ரியாட்டிக் கரையைப் பாருங்கள். குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரிலிருந்து ஒரே நாளில் மொன்டனீக்ரோவுக்கோ பொஸ்னியாவின் மொஸ்டாருக்கோ போய் வரும் வழிகாட்டிப் பயணங்கள் அங்கே பெரிய தொழில். அந்தக் கரையில் நெயும் என்ற ஊரைச் சுற்றிய இருபது கிலோமீட்டர் அளவான துண்டு பொஸ்னியாவுக்குரியது. குரோஷியாவின் கரையை அது இரண்டாக வெட்டுகிறது. காரணம் 1699 இல் இருக்கிறது. டுப்ரோவ்னிக் அப்போது சிறு குடியரசு. வெனிஸ்காரர் பக்கத்து வீட்டுக்காரராக வந்துவிடுவார்களோ என்ற பயத்தில், நடுவே ஒரு துண்டை உஸ்மானியருக்கு விட்டுக்கொடுத்தது. அந்தப் பயத்துக்காக முந்நூறு வருடங்களுக்குப் பின் சுற்றுலாப் பயணிகள் கடவுச்சீட்டைத் தூக்கிக் காட்டினார்கள். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகுதான் குரோஷியர் தங்கள் நாட்டுக்குள்ளேயே சுற்றிப் போக வழி கிடைத்தது. எல்லை போட்டவனின் காரணம் செத்துப் போகும். எல்லை மட்டும் வரிசையில் நிற்கவைக்கும். நம் நாலு மைல் பட்டி 1815 இல் முழு நாடும் ஆங்கிலேயர் கைக்குப் போனதோடு அழிந்தது. அழிந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொத்துவில் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. காலைச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் பிள்ளை ஒருத்தியைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க எந்தக் குடி, மனே?"

அவள் என்னைப் பார்த்தாள். குடிகாரனைச் சொல்கிறாரோ என்று பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கிழக்கு முஸ்லிம்களிடம் குடி என்பது தாய்வழி வம்சம். பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும், வாப்பாவின் குடியை அல்ல. ஒரே குடிக்குள் கலியாணம் முடிப்பதில்லை என்பது பழைய முறை. பள்ளி நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்தார். அங்குள்ள தமிழரிடமும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கிப் பல காலம் ஆய்ந்து, 2008 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நம் பக்கத்திலோ குடி இல்லை. நமக்கு இருப்பது "கெதர" பெயர். அது வாப்பா வழி வரும், சிங்களத்தில் இருக்கும், பெரும்பாலும் முன்னோர் பார்த்த சேவையைச் சொல்லும். பள்ளிக்குப் போகும் அதே மனிதன், அதே தமிழ் பேசும் மனிதன், எழுபது கிலோமீட்டருக்குள் தாய்வழியிலிருந்து தந்தைவழிக்கு எப்படி மாறினான்?

என் ஊகம் இது. போர்த்துக்கேயர் 1626 இல் விரட்டிய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரை மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று பாதிரியார் கெய்ரோஸ் எழுதியிருக்கிறார். கரையில் முன்பே இருந்தவர்களும் பின்னர் வந்தவர்களும் சேர்ந்து அங்கே குடிகளாக வேர் விட்டார்கள். அவர்களில் தவளத்தோடு மேலே ஏறியவர்கள் ஆண்கள். குடி உம்மா வழியாக வருவது. தனியாக வந்த ஆண் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. எல்லையில் யாரும் பறிக்கவில்லை. கொண்டுவர முடியாத சாமானாக அது அங்கேயே நின்றுவிட்டது. மேலே வந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஊர் கெதர பெயரைக் கொடுத்தது.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அப்பிடியும் இருக்கும்" என்றார். பிறகு, "குடி தெரியாட்டி என்ன, எங்கட புள்ளைகள்தானே" என்று சொல்லிப் பிள்ளைகளின் பிளேன்டீக்குக் காசு கொடுத்துவிட்டார்.

அதன்பின் வந்த ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நாங்களும் சுருக்கமாகத்தான் பார்த்தோம். பொத்துவிலுக்கு வடக்கே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் கோர்த்த மணிபோல் மாறி மாறி வரும். ஒலுவிலில் 1995 இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் பஸ்ஸிலிருந்தபடியே காட்டினேன். காரைதீவு, 1892 இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். யாழ் நூல் எழுதியவரின் ஊரைத் தமிழ் ஆசிரியன் ஒருவன் ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கடந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. அறுகம்பையில் போன அந்த ஒன்றரை மணித்தியாலம் இங்கே வேண்டியிருந்தது. சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனைக் கரைகளில் 2004 டிசம்பர் 26 இன் வெறுமை இன்னும் சில வளவுகளில் தெரிகிறது. கல்முனையில் பிரதேச செயலகத்தின் பெயரிலேயே ஓர் எல்லைச் சண்டை நடந்து வருவதை வாசகர்கள் அறிவார்கள். பிள்ளைகளுக்கு அதை விளக்கப் பார்த்தேன். "ஒரே ரோட்டுல எப்பிடி சேர் எல்லை?" என்றார்கள். மருதமுனையில் கைத்தறிச் சாறம் இரண்டு வாங்கினேன்.

காத்தான்குடியில் வீதி நடுவே ஈச்சமரங்கள் வரிசையாக நிற்கின்றன. பூர்வீக நூதனசாலையைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனோம். 1990 ஆகஸ்ட் 3, இஷாத் தொழுகையில் இருந்தவர்கள் மீது விடுதலைப் புலிகள் சுட்டார்கள். இரண்டு பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சுவரில் சன்னங்கள் பட்ட துளைகளை மூடாமல் விட்டிருக்கிறார்கள். மொஸ்டாரில் 1566 இல் உஸ்மானியர் கட்டிய பாலம் 1993 இல் பொஸ்னியக் குரோஷியர் படையின் குண்டில் விழுந்தது; 2004 இல் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். ஒரு சமூகம் உடைந்ததை மூடிக் கட்டியது, இன்னொன்று திறந்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் துளைக்குள் விரலை வைத்துப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகளில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் வளர்ந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்னால் "புலிகள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தமிழர்" என்ற சொல் வழிகாட்டியின் வாயில் வந்தபோது, நான் குறுக்கிட்டுத் திருத்தினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

திரும்பும்போது லாஹுகலைக்கு அப்பால் யானை ஒன்று வீதியில் நின்றதால் முக்கால் மணித்தியாலம் விளக்கை அணைத்துக் காத்திருந்தோம். ஊர் வர நள்ளிரவு ஆகிவிட்டது. மறுபடி போவதென்றால் பொத்துவிலிலேயே ஓர் இரவு தங்க வேண்டும். இல்லாவிட்டால் கல்முனையோடு திரும்பிவிட வேண்டும்.

வீட்டில் மூத்தவர்களிடம், உம்மாவின் உம்மாவின் ஊர் எது என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். தேநீர்க் கடையில் விழித்து நின்ற அந்தப் பிள்ளை திங்கட்கிழமை ஒரு தாளோடு வந்தாள். அவளுடைய உம்மம்மாவின் உம்மா சம்மாந்துறையில் பிறந்து, மாட்டு வண்டியில் கலியாணம் முடித்து வந்தவராம். அப்படியானால் பெண்களும் ஏறி வந்திருக்கிறார்கள்; என் ஊகத்துக்குள் அந்த வீடு அடங்கவில்லை. குடியின் பெயர் என்ன என்று கேட்டேன்.

"உம்மம்மாவுக்கு அது நினவில்ல சேர். ஆனா ஏதோ ஒரு பேர் இருந்திச்சாம்."

அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன்.