உலோகமில்லாப் பல் பாலம் உடையாதது ஏன்?

சங்கரன்கோவிலில் மட்டன் பிரியாணி சாப்பிட உட்காரும்போதுதான், விழுந்துபோன கடைவாய்ப் பல்லின் அருமை தெரியும். அந்த இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைத் தேய்த்துச் சிறிதாக்கி, அவற்றின் மேல் பாலம் பொருத்துவார்கள். பழைய பாலத்தில் உள்ளே உலோகம், மேலே பீங்கான். ஈறு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியும். உலோகமே இல்லாத, சிர்கோனியா என்ற பீங்கான் வகையால் ஆன பாலத்தில் அந்தக் கோடு வராது.

பீங்கான் இனம்தானே, உடையாதா? இதன் படிகங்களை இட்ரியா என்ற ஆக்சைடு சேர்த்து நெருக்கமான வடிவில் நிறுத்தியிருக்கிறார்கள். விரிசல் கிளம்பினால் அதன் முனையிலுள்ள படிகங்கள் வடிவம் மாறி, சுமார் 4 சதவீதம் பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன.

எப்படிச் செய்கிறார்கள்? சாக்பீஸ் போன்ற மென்மையான கட்டியில், தேவையைவிடச் சுமார் 25 சதவீதம் பெரிதாகக் கணினி இயந்திரம் பாலத்தைச் செதுக்குகிறது. ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்ததும், அது சுருங்கிச் சரியான அளவுக்கு வருகிறது.

சிர்கோனியாவின் மூலக்கனிமமான சிர்கான், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. 1789-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் இதிலுள்ள தனிமமான சிர்கோனியத்தை அடையாளம் கண்டதும் இலங்கைக் கல் ஒன்றில்தான்.

பாலம் சொத்தையாகாது, அதைத் தாங்கும் பல் சொத்தையாகும். தினமும் பாலத்தின் அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.