ஆலங்கட்டி மழையும் மோட்டார் இன்ஷூரன்ஸும்

பங்குனி பிற்பாதியிலிருந்து வைகாசி வரையில் பெங்களூரில் பிற்பகல் வானம் திடீரென இருளுவது வழக்கம். காலையில் வெயில் கடுமையாக இருக்கும். மூன்று அல்லது நான்கு மணியளவில் கிழக்கிலோ தெற்கிலோ கருமேகங்கள் திரண்டெழும். முதலில் புழுதிக் காற்றும், பின்னர் இடியும் மின்னலும், அவற்றின் பின் பெருந்துளி மழையும் வரும். சில ஆண்டுகளில் அம்மழையுடன் ஆலங்கட்டிகளும் விழுகின்றன. உள்ளூர் மக்கள் இதனை 'மாம்பழ மழை' எனக் கூறுவர். மாவிற்கு இம்மழை நன்மை செய்யலாம். தெருவோரம் நிறுத்தப்பட்டுள்ள மோட்டார் வண்டிக்கு அது நன்மை செய்வதில்லை.

ஆலங்கட்டி உண்டாகும் விதம் எளிதில் விளங்கக் கூடியதே. கோடை வெயிலால் தரை சூடேறுகின்றது. வங்கக் கடலிலிருந்தும் அரபிக் கடலிலிருந்தும் வரும் ஈரக் காற்று, சூடேறிய தரையின் மீது விரைந்து மேலெழுகின்றது. இவ்வாறு வளரும் இடிமேகத்தின் உச்சி பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலே செல்வதுண்டு. சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருப்பினும், நீர்த்துளிகள் பல உறையாமலே மிதந்து கொண்டிருக்கும். பனித்துகள் ஒன்று அவற்றின் மீது மோதியவுடன் அவை அதன்மேல் படிந்து உறைந்து விடுகின்றன. மேலெழும் காற்று அத்துகளைத் தாங்கும் வரையில் அது பருத்துக் கொண்டே போகும். தாங்க இயலாதபோது கீழே விழும். விழும் வழியில் வெப்பக் காற்று அதனை உருக்குகின்றது. பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆகவே, கடற்கரையிலுள்ள சென்னையைக் காட்டிலும் இங்கு ஆலங்கட்டி உருகுவதற்குக் கிடைக்கும் வழி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைவு.

விழும் கட்டி எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பது அதன் பருமனைப் பொறுத்தது. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டியின் எடை அரைக் கிராம் கூட இராது. ஐந்து சென்டிமீட்டர் கட்டியோ ஏறத்தாழ 59 கிராம் இருக்கும். பருத்த கட்டி வேகமாகவும் விழுகின்றது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறுக்களவு இருமடங்காகும்போது மோதும் சக்தி சுமார் பதினாறு மடங்காகப் பெருகுவது தெரியவரும். பட்டாணி அளவுள்ள கட்டிகள் பானெட்டின் மீது ஓசையெழுப்பிச் சிதறிப் போகின்றன. இரண்டரை சென்டிமீட்டரை எட்டும்போதுதான் தகட்டில் ஒடுக்கு விழத் தொடங்குகின்றது. எஃகுத் தகடு ஓர் எல்லைவரை வளைந்து மீண்டும் தன் நிலைக்கு வந்துவிடும். அவ்வெல்லையைக் கடந்தால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும்.

வண்டியின் கண்ணாடிகள் யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து ஒட்டப்பட்டது. அது விரிசல் கண்டாலும் உதிர்ந்து விழுவதில்லை. பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் சூடாக்கி விரைவில் குளிர்விக்கப்பட்ட கடினக் கண்ணாடி. அடி பலமாகப்பட்டால் அவை முழுவதும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். ஆலங்கட்டிக்குப் பின்கண்ணாடியைப் பறிகொடுத்தவரின் இருக்கைகள் மழையில் ஊறிப்போவதும் இதனாலேயே.

உலகில் ஆலங்கட்டியால் மிகுந்த உயிர்ச்சேதம் நேர்ந்ததாகப் பதிவாகியிருப்பது இந்தியாவிலேயாம். 1888 ஏப்ரல் 30ஆம் நாள் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் அருகே 246 பேர் மாண்டனர். மோட்டார் வண்டிகளின் காலத்தில் இழப்பு பணக் கணக்காகவும் எழுதப்படலாயிற்று. 1984 ஜூலையில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் கார்கள் ஒரே மாலையில் அடிபட்டன. 1999 ஏப்ரலில் சிட்னி நகரில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்ற இழப்பு 170 கோடி ஆஸ்திரேலிய டாலராகும்.

பெங்களூரின் நிலை அவ்வளவு கடுமையானதன்று. இங்கு விழும் கட்டிகள் பெரும்பாலும் சிறியவை. உண்மையில் வண்டிகளை அதிகம் கெடுப்பவை புயற்காற்றில் முறிந்து விழும் மரங்களும், மழை விட்டபின் தேங்கி நிற்கும் நீருமேயாகும். நகரத்துச் சாலைகளுக்கு நிழல் தரும் குல்மொகரும் தூங்குமூஞ்சி மரமும் கண்ணுக்கு இனியவை. ஆனால் குல்மொகரின் கிளை எளிதில் முறியக்கூடியது. வேரும் ஆழமாக ஓடுவதில்லை. நடைபாதைக்கும் சாக்கடைக்கும் தோண்டப்பட்ட பள்ளங்கள் மற்ற மரங்களின் வேர்களையும் அறுத்துவிடுகின்றன. 2024 ஜூன் 2ஆம் நாள் நகரில் 111.1 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஜூன் மாதத்து ஒருநாள் மழையில் 1891ஆம் ஆண்டின் பதிவையும் இது விஞ்சியது. அன்று நூற்றுக்கணக்கான மரங்களும் கிளைகளும் சாய்ந்தன.

நீரின் கதை இன்னும் துயரமானது. 2022 செப்டம்பர் 4ஆம் நாள் இரவு பெய்த பெருமழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகள் மூழ்கின. ஓர் ஏரி நிறைந்து அடுத்த ஏரிக்கு நீர் செல்லுமாறு முன்னோர் அமைத்திருந்த கால்வாய்கள் குறுகியும் மறைந்தும் போனமையால், நீர் அடுக்குமாடி வீடுகளின் நிலவறைகளில் புகுந்தது. விலையுயர்ந்த கார்கள் கூரைவரை நீரில் நின்றன. அலுவலகம் செல்வோர் டிராக்டர்களில் ஏறிச் சென்றனர். 2023 மே 21ஆம் நாள் ஆலங்கட்டியுடன் பெய்த மழையில் கே. ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் நீர் நிறைந்தது. அதனுள் சென்ற வாடகைக் கார் மூழ்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

இத்தகைய இழப்புகளில் எவற்றிற்கு இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு தரும்? 1939ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின்படி 1946 முதல் கட்டாயமாக்கப்பட்டதும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவில் இன்றும் தொடர்வதும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே. அஃதாவது, வண்டியினால் பிறருக்கு நேரும் தீங்கிற்கே அது பொறுப்பேற்கும். சொந்த வண்டியின் மீது மரம் விழுந்தால் அதனால் ஒரு காசும் கிடைக்காது. சட்டத்திற்காக மட்டும் மிகக் குறைந்த பிரிமியம் செலுத்துவோர் பலர் இதனை மழைக்குப் பின்னரே அறிகின்றனர்.

சொந்தச் சேதத்தையும் ஏற்கும் முழுப் பாலிசியில் ஆபத்துகள் பெயர் குறித்துச் சொல்லப்பட்டுள்ளன. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் வகுக்கப்பட்ட அச்சொற்களே, 2007இல் கட்டணக் கட்டுப்பாடு நீங்கிய பின்னரும் பெரும்பாலும் வழங்கி வருகின்றன. தீ, மின்னல், திருட்டு, கலகம், நிலநடுக்கம், வெள்ளம், சூறாவளி, புயல், ஆலங்கட்டி மழை, உறைபனி, நிலச்சரிவு ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் உள்ளன. ஆலங்கட்டிக்கெனத் தனிப் பாலிசி வேண்டியதில்லை. சொந்தச் சேதத்திற்கு மட்டும் தனியே பாலிசி எடுக்கும் வசதியும் 2019 செப்டம்பர் முதல் உண்டு.

ஆயினும் முழுத் தொகையும் கைக்கு வருவதில்லை. மாற்றப்படும் பகுதிகளுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றிற்குப் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பகுதிகளுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு ஏறிக்கொண்டே போகும். மூன்றரை ஆண்டு வயதுடைய சிறு கார் ஒன்றின் மீது கிளை விழுந்ததாகக் கொள்வோம். பானெட் 20,000 ரூபாய், பம்பர் 10,000, முன்கண்ணாடி 8,000, பெயிண்ட் வேலை 12,000, கூலி 6,000. ஆக 56,000 ரூபாய். பானெட்டில் 25 சதவிகிதமாக 5,000 ரூபாயும், பம்பரில் பாதியாக 5,000 ரூபாயும் கழியும். பெயிண்ட் செலவில் கால்பங்கு பொருளின் விலையெனக் கொண்டு, அதில் பாதியான 1,500 ரூபாய் கழிக்கப்படும். உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் போக, கம்பெனி தருவது 43,500 ரூபாய். தேய்மானம் கழிக்காத தனிச் சேர்க்கைக்குக் கூடுதல் பிரிமியம் செலுத்தியவர் 55,000 ரூபாய் பெறுவார். ஆனால் இச்சேர்க்கை பெரும்பாலும் புதிய வண்டிகளுக்கே கிடைக்கின்றது.

சிறு ஒடுக்குகளுக்கு நஷ்டஈடு கோருவது இலாபமா என்பதும் சிந்திக்கத்தக்கது. ஐந்து ஆண்டுகள் கோரிக்கை இன்றிக் கழித்தவருக்குச் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 50 சதவிகிதம் தள்ளுபடி உண்டு. ஒருமுறை கோரினால் அது அற்றுப்போய், பின்னர் 20, 25, 35, 45 என மீண்டும் படியேற வேண்டும். தள்ளுபடிக்கு முந்திய பிரிமியம் 8,000 ரூபாயென வைத்துக்கொண்டால், பழைய படிக்கு வந்து சேரும் வரையில் அவர் மிகையாகச் செலுத்துவது 10,000 ரூபாயாகும். அத்தொகைக்குக் குறைவான பழுதைத் தாமே சரிசெய்து கொள்வதே சிக்கனம். பெயிண்ட் உரியாத ஒடுக்குகளைத் தகட்டின் உட்புறமிருந்து கம்பிகளால் மெல்ல நெம்பி நிமிர்த்தும் முறை இப்போது பரவியுள்ளது. புதிய பெயிண்ட் தேவைப்படாமையால் செலவு குறைகின்றது. ஆயின் அலுமினியத் தகட்டில் இவ்வேலை கடினம்.

மிகுந்த வழக்குகள் எழுவது எஞ்சினைப் பற்றித்தான். காற்றை அழுத்துவதற்கென அமைந்த சிலிண்டரில் நீர் புகுந்தால், நீர் அழுந்தாது. மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி நிற்க, இணைப்புத் தண்டு வளைந்து போகும். நிறுத்தியிருந்த வண்டியில் வெள்ளம் புகுந்து மின்கம்பிகள் கெட்டால் அது வெள்ளச் சேதம். நீரில் நின்ற வண்டியை உரிமையாளர் ஸ்டார்ட் செய்தமையால் எஞ்சின் உடைந்தால், அது வெள்ளத்தின் நேர் விளைவன்று, தொடர்விளைவு எனக் கூறிக் கம்பெனிகள் மறுப்பதுண்டு. எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்தவருக்கே இவ்விஷயத்தில் ஓரளவு உறுதி உள்ளது. மற்றவர் செய்யத்தக்கது ஒன்றே: சாவியைத் திருப்பாமல் வண்டியை இழுத்துச் செல்லும் லாரியை வரவழைப்பது. மின்சாரக் கார் நீரில் நின்றிருப்பின், தேர்ந்தவர் வரும்வரை அதனைத் தொடாமலிருப்பதே உயிருக்கு நல்லது.

கோரிக்கையைப் பொறுத்தவரை முதல் வேலை, கிளையை அகற்றுமுன் புகைப்படம் எடுப்பது. எண் பலகையும் சேதமும் சேர்ந்து விழுமாறு எடுக்க வேண்டும். பின்னர் கம்பெனிக்கு உடனே அறிவித்தல் வேண்டும். சர்வேயர் பார்ப்பதற்குள் பழுது பார்க்கத் தொடங்குதல் கூடாது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்பிடப்படும் மோட்டார் சேதங்களை உரிமம் பெற்ற சர்வேயர் ஆராய்வது விதி. ஊரே மூழ்கிய நாட்களில் சிலர் தாமதமாகவே அறிவிக்க நேரிடும். தவிர்க்க முடியாத தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி நியாயமான கோரிக்கையை மறுத்தலாகாது என இன்ஷூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் 2011 செப்டம்பரிலேயே அறிவுறுத்தியுள்ளது. மறுக்கப்பட்டவர் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தக்க விடை கிடைக்காவிடில், கர்நாடகத்திற்கெனப் பெங்களூரிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்குக் கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. 50 இலட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம்.

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கொள்ளப்படும். மூழ்கிய கார்கள் பல இவ்வாறே முடிகின்றன. அவற்றுள் சில துடைத்து மெருகேற்றப்பட்டு வேறு ஊர்களில் பழைய கார்ச் சந்தைக்கு வந்து சேர்வதும் உண்டு. வாங்குவோர் இருக்கைப் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தல் நலம். கழுவுபவர் கைபடாத அவ்விடத்தில்தான் வண்டல் படிந்திருக்கும். தரை விரிப்பின் அடியிலும், இருக்கையைப் பிணைத்துள்ள திருகாணிகளிலும் துரு காணப்படும்.